கருவாட்டுப் பையும் கண் வைத்தியமும்

மன்னாரைக் காண வரும் உல்லாசப் பிரயாணிகளுக்கு அங்கே பார்ப்பதற்குப் பல விஷயங்கள் உண்டு. 1560ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கட்டிப் பின்னர் ஒல்லாந்தர் திருத்தியமைத்த கோட்டை இருக்கிறது. பள்ளிமுனையில், பத்துப் பன்னிரண்டு பேர் கைகோத்து நின்றாலன்றி வளைத்துப் பிடிக்க முடியாத பெருக்கமரம் இருக்கிறது. தலைமன்னார் முனையிலே நின்றால் இராமர் அணையின் மணற்றிட்டுக்களையும் காணலாம். ஆனால் அத்தீவிலேயே வசிப்பவர்கள் மேற்கொள்ளும் பிரயாணங்களுள் முக்கியமானது எது என்று என்னைக் கேட்டால், வைத்தியரைக் காணச் செல்லும் பிரயாணமே என்பேன்.

மன்னார்த் தீவு நீண்டு ஒடுங்கியது. மேற்கே தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து கிழக்கே மன்னார்ப் பட்டினத்துக்கு வருவதற்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கடக்கவேண்டும். பட்டினத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் வேறு பல பிணிகளுக்கும் தீவார் அங்கேதான் செல்வர். எனினும் சில விசேட சிகிச்சைகளுக்காக யாழ்ப்பாணம், வவுனியா, அநுராதபுரம், கொழும்பு ஆகிய இடங்களை நாடவேண்டியவர்கள் இன்றும் அநேகர். அவர்கள் யாவரும் முதலிற் கடக்கவேண்டியது, தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் சுமார் மூன்று கிலோமீற்றர் நீளமான தாம்போதியாகும்.

அத்தாம்போதியின் சரித்திரமே தீவாரின் சரித்திரம் என்று சொல்லலாம். 1930இல் அமைக்கப்பட்ட பழைய பாலம், யுத்தத்தினிடையே 1990இல் தகர்க்கப்பட்டது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை 1914இல் வந்து சேர்ந்த புகையிரதப் பாதையும் அதே காலத்திற் சிதைந்து போயிற்று. யப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2010 மார்ச்சிலும், தலைமன்னார் வரையான புகையிரத சேவை 2015 மார்ச்சிலும் மீண்டும் கிடைத்தன. இடைப்பட்ட காலத்தில் ஒரு நோயாளியைத் தீவிலிருந்து வெளியே கொண்டு செல்வதென்பது, நோயை விடப் பெரிய துன்பமாயிருந்தது. அக்காலத்தை அறிந்தவர்கள், இன்றைக்குப் பஸ் வண்டி அரைமணி நேரம் தாமதமாயிற்று என்று முறையிடுபவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்படிச் சிரிப்பவர்களுள் என் பெரியம்மாவும் ஒருவர்.

பெரியம்மாவின் கண்கள்

பெரியம்மா தலைமன்னாரிற் பிறந்து வளர்ந்தவர். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த பெரும் புயல் வீசிய இரவில் அவருக்கு வயது பதினொன்று. மறுகரைக்குப் போய்வந்த கப்பலையும், கப்பலைச் சந்திக்க வந்த புகையிரதத்தையும், புயலின் மறுநாட் காலையில் நிறம் மாறிக் கிடந்த கடலையும் அவர் நேற்றுக் கண்டதுபோலச் சொல்வார். கண்டவற்றை அவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கும் அவருக்குக் கண்ணிலே நோய் வந்ததுதான் எங்கள் எல்லோருக்கும் பெரும் வருத்தம்.

நோய் குளுக்கோமா எனப்படுவது. நமது கண்ணின் உள்ளே ஒருவகைத் தெளிந்த நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. வடியும் வழி தடைப்பட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அவ்வழுத்தம் மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் பார்வை நரம்பை நாளடைவில் நசித்துவிடுகிறது. பெரும்பாலும் நோவு இராது. கண் சிவப்பதும் இல்லை. பார்வை முதலில் ஓரங்களிற் குறைந்து, பின்பு குழாய்க்குள்ளாற் பார்ப்பதுபோல ஒடுங்குகிறது. கண்புரையினால் மங்கிய பார்வையைச் சத்திரசிகிச்சை செய்து மீட்கலாம். குளுக்கோமாவினாற் போன பார்வையோ போனதுதான். எஞ்சியிருப்பதைக் காப்பாற்றுவது ஒன்றே வைத்தியரால் இயலும். அதனால் மருந்துத் துளியை நேரந்தவறாது விடுவதும், குறித்த தினத்தில் அழுத்தத்தை அளப்பிப்பதும் இந்நோயாளருக்கு உயிர்நாடியாகும்.

பெரியம்மாவின் பிள்ளைகள் இருவரும் கடல்கடந்த நாடுகளில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டிற் தங்கியிருந்த காலத்தில் நோய் கண்டுபிடிக்கப்பட்டமையால், அங்குள்ள ஒரு வைத்தியசாலையிலேயே அவர் தொடர்ந்து சிகிச்சை பெற்று வந்தார். மாசி பிறந்த சமயம் அவருடைய அடுத்த முறை வந்தது. கல்லூரியில் ஒருநாள் விடுமுறை பெற்றுக்கொண்டு அவரை அழைத்துச் செல்ல நான் ஆயத்தமானேன். முதல்நாள் மாலையே அவர் பட்டினத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சிவராத்திரிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் தம்பி. இந்த முறையும் பாலாவித் தண்ணி அள்ளிக்கொண்டு போய் என்ர கையாலை வார்க்கவேணும். டொக்டரிட்டைக் கேட்டுச் சொல்லு," என்றார்.

இருளிற் புறப்பட்டோம்

மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பார்கள். அன்று விடியற்காலை நாலரை மணிக்குப் பஸ் நிலையத்துக்கு நடந்தபோது அதன் உண்மையை உணர்ந்தோம். ஐந்து மணிக்கு வண்டி புறப்பட்டது. பட்டின எல்லையைத் தாண்டுமுன்பே முதலாவது தடை ஏற்பட்டது. மன்னாரின் கழுதைகள் ஏழெட்டு, வீதியின் சூட்டை நாடித் தார்மீது படுத்திருந்தன. முற்காலத்தில் அராபிய வணிகரோடு வந்தவை என்று சொல்லப்படும் இக்கழுதைகள் இப்போது சொந்தக்காரரின்றித் திரிகின்றன. சாரதி ஒலியெழுப்பினார், விளக்கை அணைத்து ஏற்றினார், நடத்துனர் இறங்கித் தட்டி எழுப்பினார். அவை தமக்கு வசதிப்பட்ட நேரத்திலேதான் எழுந்து சென்றன.

சில ஆண்டுகளுக்கு முன் மன்னாரிற் கழுதைகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் ஆரம்பிக்கப்பட்டதை நான் பெரியம்மாவுக்குச் சொன்னேன்.

"கழுதைக்கு ஊருக்குள்ளை வைத்தியம், எனக்குத்தான் யாழ்ப்பாணமோ?" என்று கேட்டார். முன் ஆசனத்தில் இருந்தவர்களும் சிரித்துவிட்டனர்.

தாம்போதியைக் கடக்கையில் இருள் பிரியவில்லை. பகலாயிருந்தால், 2008இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட வங்காலைக் கழிமுகத்திற் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் நிற்பதைக் காணலாம். தூரத்தே தீவின் தென்கரையில், 2020இல் நிறுவப்பட்ட முப்பது காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மாத்திரம் தெரிந்தன. "எத்தினை லைற் தெரியுது பெரியம்மா?" என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணி, "ஏழு," என்றார். என் கண்ணுக்கு அதனிலும் மிகக் கூடுதலாகத் தெரிந்தன. நான் மேலும் ஒன்றும் கேட்கவில்லை.

மாந்தைச் சந்திக்கு வந்ததும், நான் சொல்லாமலே அவர் கைகூப்பினார். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அத்திசையில் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்து, 1872இல் ஆறுமுக நாவலர் விடுத்த வேண்டுகோளின் பின்னர் மீண்டெழுந்து, 2022 ஜூலையிற் குடமுழுக்குக் கண்ட தலம் அது. அவ்விடம் வந்துவிட்டதை எப்படி அறிந்தார் என்று கேட்டேன். காற்றின் உப்பு மணம் குறைந்து வயல் மணம் வருவதைக்கொண்டு அறியலாம் என்றார்.

விடத்தல்தீவைக் கடந்து சிறிது தூரம் சென்றிருப்போம். வெடி வெடித்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. வண்டி ஒருபுறம் சாய்ந்து, நல்ல வேளையாக வீதியோரத்தில் நின்றது. பின்சில்லொன்று வெடித்துவிட்டது. உதிரிச் சில்லைக் கழற்றிப் பார்த்தபோது அதிலே காற்று இருக்கவில்லை.

பற்றைக்காட்டில் ஒரு காலைப்பொழுது

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் இவ்வீதி, யுத்தத்தின் பின் நன்கு செப்பனிடப்பட்டது. 2011 ஜனவரியிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், கேரதீவுத் துறையில் முன்போலப் பாதைக்காகக் காத்துநிற்க வேண்டியதும் இல்லை. ஆகையால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை அடையலாம். ஆயினும் ஊருக்கும் ஊருக்கும் இடையே பற்றைக்காடும் களப்பும் வெளியுமே நெடுந்தூரம் பரந்து கிடக்கின்றன. நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் தேநீர்க்கடையும் இல்லை, திருத்துபவரும் இல்லை. வைத்தியசாலையிற் கிளினிக் கொப்பிகளை ஒப்படைக்கும் நேரமோ ஒன்பது மணியுடன் முடிந்துவிடும்.

எல்லோரும் இறங்கினோம். மேற்றட்டிலிருந்த பைகள் அனைத்தையும் நடத்துனர் எடுத்து வீதியோரத்திற் குவித்தார். ஆறே முக்கால் மணியளவில் பின்னே ஒரு பஸ் வந்தது. படியிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர் எப்படியோ நெருக்கிக்கொண்டு ஏறிவிட்டனர். எழுபதைக் கடந்த, ஓரப்பார்வை இல்லாத ஒருவரைப் படியிலே நிறுத்திக்கொண்டு போக எனக்குத் துணிவு வரவில்லை.

ஏழு மணிக்கு மருந்துத் துளி விடவேண்டும். குவியலில் மிஞ்சியிருந்த எங்கள் சொப்பின் பையை எடுத்துத் திறந்தேன். உள்ளே கொப்பியும் இல்லை, மருந்தும் இல்லை. பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றிய கட்டாக் கருவாடு இருந்தது. மன்னாரின் ஒரே புடைவைக் கடையிற் கொடுத்த ஒரேமாதிரியான இரண்டு பைகள். அரையிருளில் யாரோ மாறி எடுத்துக்கொண்டு முன்சென்ற வண்டியில் ஏறிவிட்டார்கள்.

வாசகர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். அவ்வேளையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கொப்பியிலேதான் பெரியம்மாவின் நாலு வருட அழுத்த அளவுகளும், பார்வைப் பரப்பைச் சோதித்த விபரங்களும் இருந்தன. குளுக்கோமாவிலே இன்றைய அளவை மட்டும் வைத்து வைத்தியர் முழு முடிவுக்கு வர இயலாது. நோய் நிற்கிறதா நடக்கிறதா என்பதைப் பழைய அளவுகளோடு ஒப்பிட்டே அறியவேண்டும். பெரியம்மாவோ நிதானமாக, "ஆரோ ஒரு பிள்ளை இதைக் காணாமல் தவிக்கப்போகுது. பத்திரமாய் வை," என்றார். கருவாட்டை இழந்தவரைப்பற்றியே அவருக்குக் கவலை.

எட்டேகாலுக்கு நண்டு ஏற்றிச்செல்லும் ஒரு கூலர் லொறி எங்களைக் கண்டு தானாகவே நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் அன்பர் ஒருவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கோ மாஸ்ரர்? அம்மாவை முன்னுக்கு ஏத்துங்க. நாத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளவேணும்."

"பொறுக்கிறதோ? எங்கட கையிலையும் கருவாடுதான் நானா," என்றேன்.

அவர் விடத்தல்தீவைச் சேர்ந்தவர். பெயரிலே தீவு இருந்தாலும் அது பெருநிலத்துக் கடற்கரை ஊர். நண்டுக்கும் இறாலுக்கும் பெயர்போனது. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவரும் குடும்பத்துடன் வெளியேறிப் புத்தளப் பக்கத்தில் நீண்டகாலம் அகதியாய் வாழ்ந்து, யுத்தம் முடிந்தபின் திரும்பியவர். வெளியேறிய அன்று அவருடைய தாயாருக்கு நடக்க முடியாதிருந்ததாம்.

"அண்டைக்கு ஒரு தமிழ் ஆள்தான் எங்கட உம்மாவை மெசின் பெட்டியிலை ஏத்திக் கொஞ்சத் தூரம் கொண்டுவந்து விட்டார். பேர்கூடக் கேக்கேல்ல. ரோட்டிலை வயசான ஆளைக் கண்டா நான் நிப்பாட்டாமப் போறதில்ல," என்றார். வீதியைப் பார்த்தபடியேதான் சொன்னார். அதன் பின் சிறிது நேரம் எங்கள் மூவரில் ஒருவரும் பேசவில்லை.

இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில் என்று ஊர்கள் கழிந்தன. வெள்ளாங்குளத்தோடு மன்னார் மாவட்டம் முடிந்து கிளிநொச்சி மாவட்டம் தொடங்குகிறது. பூநகரி வயல்களைக் கண்டதும், அங்கு விளையும் மொட்டைக்கறுப்பன் அரிசியின் சுவையைப்பற்றிப் பெரியம்மாவும் சாரதியும் பேசத் தொடங்கினார்கள். நான் நிமிடத்துக்கொரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும்போது மணி ஒன்பதரை ஆகிவிட்டது.

கொப்பி முன்னே, ஆள் பின்னே

வைத்தியசாலை வாயிலில் நானா எங்களை இறக்கிவிட்டார். பணம் கொடுக்க முயன்றேன். கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். மணி பத்தைத் தாண்டியிருந்தது. என்ன சொல்லி மன்றாடலாம் என்று மனத்துக்குள் வசனம் அமைத்தபடி கிளினிக்கை அணுகினேன். அங்கே தாதி ஒருவர் பெரியம்மாவின் பெயரைச் சொல்லி இரண்டாம் முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்!

"உங்கட கொப்பி காலமையே வந்திட்டுது, ஆளைத்தான் காணேல்ல," என்றார் அவர்.

நடந்தது இதுதான். பை மாறியதைப் பேசாலையைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் வண்டியில் ஏறிய சிறிது நேரத்தில் உணர்ந்திருக்கிறார். உள்ளே கிளினிக் கொப்பியையும் அன்றைய திகதியையும் கண்டதும், மகள் வீட்டுக்குப் போகவேண்டியவர், நேரே வைத்தியசாலைக்கு வந்து ஒன்பது மணிக்கு முன்னரே அதை ஒப்படைத்துவிட்டார். மருந்துப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, வாங்கின் ஓரத்தில் எங்களை எதிர்பார்த்துக் காத்திருந்தார். பெரியம்மா அவரிடம் கருவாட்டுப் பையைக் கொடுத்தபோது, அவர் அதைத் திறந்து ஒரு துண்டை எடுத்துப் பெரியம்மாவின் கையிலேயே திணித்துவிட்டார்.

வைத்தியர் கண்ணின் அழுத்தத்தை அளந்தார். சாதாரணமாக அது பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீற்றர் வரை இருக்கவேண்டும். இடது கண்ணில் 32 இருந்தது. பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். பார்வைப் பரப்பை மீண்டும் சோதிப்பித்தார். வருடக்கணக்காக ஒருவாறு நின்றிருந்த நோய், கடைசி ஆறு மாதத்தில் நடக்கத் தொடங்கியிருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்னுமொரு மருந்தைச் சேர்த்து எழுதி, மூன்று கிழமைக்குள் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்.

"இந்த முறையைத் தவறவிட்டு அடுத்த முறைக்கு வந்திருந்தால், இன்னும் ஒரு பங்கு போயிருக்கும். போனதைத் திருப்பித் தர எங்களாலும் ஏலாது, அம்மா," என்று அமைதியாகச் சொன்னார்.

"சிவராத்திரிக்குப் போகலாமோ ஐயா?" என்றார் பெரியம்மா.

"தாராளமாய்ப் போங்கோ. இரா முழுக்க விழித்திருந்தாலும் துளி விடுகிற நேரத்தை மட்டும் மறக்கவேண்டாம்."

அவ்வாறே சிவராத்திரியன்று பெரியம்மா பாலாவித் தீர்த்தத்தைத் தம் கையாலேயே சுமந்துசென்று வார்த்தார். அதன் பின் நடந்த சத்திரசிகிச்சையினால் அழுத்தம் தணிந்து, இதுவரை அடங்கியிருக்கிறது. ஓரங்களில் இழந்தது இழந்ததே. நேரே இருப்பதை இன்றும் நன்றாகக் காண்கிறார்.

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள்

இப்பிரயாணத்திலிருந்து குடும்பத்தினர் அறிந்துகொள்ளத்தக்கவை சில உண்டு. குளுக்கோமா இரத்த உறவுகளிற் தொடரக்கூடிய நோய். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ அது இருந்தால், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பார்வை நன்றாயிருக்கிறது என்று வாளாவிராமல் ஒருமுறை அழுத்தத்தை அளப்பித்துக்கொள்ள வேண்டும். கிளினிக் கொப்பியின் பக்கங்களைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வைத்திருத்தலும், முதற்பக்கத்திற் தொலைபேசி இலக்கத்தைப் பெரிதாய் எழுதுதலும் சிறு காரியங்கள். மாணவராயுள்ள பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டிமாருக்கு ஐந்து நிமிடத்திற் செய்து கொடுக்கலாம். நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய் என்று தொடர்சிகிச்சை பெறுவோர் யாவருக்கும் இது பொருந்தும். கொப்பியும் மருந்தும் நோயாளியின் கைப்பிடியை விட்டு அகலாதிருத்தலும் நன்று.

மற்றுமொன்று. அன்றைய தினம் எங்களைக் காப்பாற்றியவர்கள் முன்பின் அறியாத இருவர். மன்னார்க் கரையில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை. ஆனால் அவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக, விடியற்காலையில் நோயாளர் அமர்ந்து செல்லக்கூடிய ஒழுங்கான வண்டி வேண்டாம் என்று எவரும் சொல்லிவிடக்கூடாது. வழியிலே கூலர் லொறி வராத நாட்களும் இருக்கும். பையை மாறி எடுப்பவர் வைத்தியசாலைப் பக்கமே போகாதவராயும் இருக்கலாம். மனிதருடைய நல்ல மனத்தை நம்பி வீட்டைவிட்டுப் புறப்படலாம். காற்றில்லாத உதிரிச் சில்லை நம்பிப் புறப்படலாகாது.